பாதித் தம்

மேலூர்ப் பக்கம் ஆறு வருஷம் பம்புசெட் மெக்கானிக் ஒருவரிடம் கையாளாக இருந்தேன். சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஆறு வருஷத்தில் நான் ஸ்பேனர் பிடித்ததைவிடத் தம் கட்டியதுதான் அதிகம். அப்போதெல்லாம் மோட்டார் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருக்கும், குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், அதன் அடியில் தண்ணீரை உள்ளே இழுக்கிற ஃபுட்வால்வு. இலையோ பாலித்தீனோ, ஒரு தடவை செத்த ஓணான், அதில் போய் அடைத்துக்கொண்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. மொத்தக் குழாயையும் தூக்கிக் கழற்றுவதைவிட ஒருவன் முங்கிப்போய்க் கையால் வழித்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. அந்த ஒருவன் நான்.

மீன் அடிக்கிற வேலை அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. கள்ளந்திரிக்கு அந்தப் பக்கம் ஒருபோகம். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்து கண்மாய் பெருகினால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறும். யாரோ எப்போதோ விட்ட விரால் உள்ளே வளர்ந்து கிடக்கும். கண்மாய் மீனுக்குக் கவலையில்லை, வற்றுகிற காலத்தில் ஊரே ஊத்தாவோடும் கச்சாவோடும் இறங்கி அள்ளிவிடும். கிணற்றில் அது நடக்காது. வலையை விட்டால் கல்லில் மாட்டும், தூண்டிலில் ஒரு தடவை ஏமாந்து தப்பித்த விரால் மறு தடவை வாயை வைக்காது. அதனால் தோட்டக்காரர்கள், "தம்பி, அப்படியே அந்த மீனையும் ஒரு கை பாத்துட்டுப் போயேன்" என்பார்கள். பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு.

ஆயுதம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில், முனையில் மாமா பற்றவைத்த மூன்று முள், பின்னால் சைக்கிள் ட்யூப் வளையம். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, அது இழுபடக் கையை முன்னால் நகர்த்திக் கம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், விட்டால் பாயும். கண்ணுக்கு மதுரையில் வாங்கிய நீச்சல் கண்ணாடி. இருபது அடியில் அது கண்ணைப் பிடித்து உறிஞ்சும், மேலே வந்தால் கண் ரத்தச் சிவப்பு. கீழே போகப் போகத் தண்ணீர் அழுத்த, கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்குகிறது, அதை ஈடுகட்ட மூக்கால் ஊத வழியில்லை. மூக்கையும் மூடுகிற மாஸ்க்தான் வேண்டும் என்று தெரியவே ஒரு வருஷம் ஆனது.

அந்த முதல் வருஷம் நான் அடித்தது இரண்டே ஜிலேபி மீன். விரால் ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்குள் கண்ணாடி வழியே பார்த்தால் எதுவும் கால்வாசி கிட்டத்தில் தெரியும், அதனால் குத்தெல்லாம் மீனுக்கு முன்னாலேயே நின்றுவிடும். சரி, அது பழகிவிடும். பழகாதது கிட்டே போவதுதான். நான் செங்குத்தாகத் தலைகீழாகப் பாய்ந்து இறங்குவேன், இறங்கி முடிப்பதற்குள் கிணறு காலி. நீர்க்காகமும் மீன்கொத்தியும் மேலேயிருந்துதானே வருகின்றன, மேலேயிருந்து நிழல் விழுந்தால் மீன் அது யாரென்று விசாரித்துக்கொண்டு நிற்குமா? அதுவும் போக, கிணற்று மேட்டில் நாம் நிற்பதே அதற்குத் தெரியும். கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்குமேல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, நாம் அந்த வட்டத்தின் ஓரத்தில் வெள்ளைச் சட்டையோடு கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்போம். இறங்குவதற்கு முன்னாலேயே பாதி காரியம் கெட்டிருக்கும்.

மாமா செய்வது வேறு. முதலில் மெயினை அணைத்து ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், யார் வந்து கேட்டாலும் தரமாட்டார், கிணற்றில் கரண்ட் கசிந்து செத்தவர்கள் கதை அவருக்கு நிறையத் தெரியும். அப்புறம் அரை மணி நேரம் பீடி. மோட்டார் நின்ற உடனே மீன் உஷாராகிவிடுமாம், சத்தம் இல்லாத கிணறு அதற்கு மறுபடி பழக வேண்டுமாம். அந்த அரை மணியில் அவர் எண்ணிக்கொண்டிருப்பார். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து ஒரு வாய்க் காற்றுக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். 'டுபுக்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம். எந்தச் சுவரோரம் வருகிறது, எந்தப் பக்கம் திரும்பி இறங்குகிறது, அடுத்தது எத்தனை நேரம் கழித்து என்று பார்த்துவிட்டால் அதன் பொந்து எதுவென்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

எதிர்ச்சுவர் வழியாகத்தான் இறங்க வேண்டும். காலை உதைக்காமல், கல்லைப் பிடித்துப் பிடித்து, சுவரோடு சுவராக. ஈட்டி முனை கல்லில் 'டிங்' என்று பட்டால் ஏறி வந்துவிடலாம். தண்ணீரில் சத்தம் காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், போதாததற்கு மீனின் விலாவில் ஓடுகிற கோடு தண்ணீர் அசைவதையே தொட்டுப் பார்த்துவிடும். குமிழி விடக்கூடாது. அடியில் மக்கிய இலைமேல் கால் படக்கூடாது, பட்டால் கறுப்பாகக் கிளம்பிச் சாயங்காலம் வரை அடங்காது. மீனுக்கு நேராகப் போகாமல் அதைத் தாண்டி வேறெங்கோ போகிறவன் மாதிரிச் சாய்வாகப் போக வேண்டும். நேருக்கு நேர் முகத்தைக் காட்டினால் அது வாலை லேசாக மடக்கும். மடக்கிவிட்டால் அவ்வளவுதான்.

கெண்டை இருக்கிற கிணறு இன்னும் மோசம். ஒன்றைக் கிழித்துத் தவறவிட்டால் அன்றைக்கு மிச்ச மீன் எதுவும் கிட்டே வராது. இது என் ராசி என்றுதான் நினைத்திருந்தேன். காயம்பட்ட தோலிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலந்து மற்ற மீன்களை எச்சரிக்கிறது என்று கார்ல் வான் ஃபிரிஷ் 1938லேயே கண்டு எழுதியிருக்கிறார், தேனீக்களின் ஆட்டத்தைப் படித்தாரே அதே மனிதர்தான். கெண்டை, கெளுத்தி வகையறாவில் இது உண்டு. நான் குத்தியது ஒன்றை, சேதி போனது எல்லோருக்கும்.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் எனக்கு மீன் தப்பியது ஒரே இடத்தில், கடைசி ஐந்தாறு விநாடியில். அதுவரை பாசி மாதிரி அசையாமல் போவேன், நெஞ்சு முட்ட ஆரம்பித்ததும் அவசரம் வந்துவிடும். தோள் இறுகும், கை வெடுக்கென்று நீளும், மீன் அதைப் பார்த்துவிடும். மாமா, "மாப்ள, பாதித் தம்முல திரும்பிடு, மீன் எங்க போயிரும், அது கெணத்துக்குள்ளதான இருக்கும்" என்பார். எனக்கு அது ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் தம் இருந்தால் போதும் என்று தோன்றி, இறங்குமுன் புஸ்புஸ்ஸென்று பத்துப் பதினைந்து தடவை மூச்சு இழுத்துவிடப் பழகினேன். முட்டல் தள்ளிப்போனது, பிரமாதமாக இருந்தது. முட்டலைக் கிளப்புவது உடம்பில் சேருகிற கரியமிலவாயு. நான் ஊதி வெளியேற்றியது அதைத்தான், பிராணவாயு ஒன்றும் கூடவில்லை. எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன்.

அழகர்மலை தெரிகிற ஒரு தோட்டத்துக் கிணறு, கை நீளத்துக்கு ஒரு விரால். மூன்று நாளாக அதன் பின்னால் அலைந்தேன். அன்று பொந்து வாயில் அது பக்கவாட்டில் நின்றது, இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு முழம் என்று போய்க் குத்தினேன், தவறியது. ஏறி வரும்போது மேலே வெளிச்சம் தெரிந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது மாமா என் தலைமுடியைப் பிடித்துப் படிக்கல்லில் இழுத்துப்போட்டுக் கன்னத்தில் அறைந்தது. ஏற ஏற அழுத்தம் குறையும்போது மிச்சமிருக்கும் பிராணவாயுவும் பற்றாமல் போய், மேலே வந்து சேரும் நேரத்தில்தான் நினைவு தப்புமாம். அவர் பீடியைப் போட்டுவிட்டு மேட்டில் நின்று எண்ணிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன், தனியாகப் போயிருந்தால் இதை எழுத ஆள் இல்லை. டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். என் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் பாதியில் திரும்பினேன். ஒரு மீனுக்கு ஏழெட்டு முங்கல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் முங்கியிருந்ததைப்போல இரண்டு பங்கு நேரம் மேலே சும்மா மிதப்பது. மூன்றாவது நான்காவது முங்கலில் விரால் என்னைக் கிணற்றுக் கல்லோடு சேர்த்துவிடும், அவசரம் இல்லாத ஆளை அது பொருட்படுத்துவதில்லை. அந்த வருஷம் ஒன்பது விரால். குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாகத் திரிகிற காலத்தில் காவலுக்கு நிற்கிற பெரிய விராலை மட்டும் அடித்ததில்லை, அடிப்பது ரொம்பச் சுலபம், கிட்டே போனாலும் அது நகராது.

போன மாசம் அந்த அழகர்மலைக் கிணற்றுத் தோட்டத்துக்கு ஒரு ஸ்டார்ட்டர் வேலையாகப் போனேன். இப்போது போர்வெல் போட்டுவிட்டார்கள், கிணற்றுக்குமேல் கம்பிவலை. ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு மேட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், தலை உள்ளே தெரியாதபடி. கொஞ்ச நேரத்தில் தெற்குச் சுவர்ப் பக்கம் 'டுபுக்'. எண்ண ஆரம்பித்தேன். "என்னப்பா, கரண்ட் வந்துருச்சா?" என்று தோட்டக்காரர் உள்ளேயிருந்து கேட்டார். இருங்கண்ணே என்றேன்.