பொரியாத முட்டையை உடைத்துப் பாருங்கள்

அடை வைத்தது 12 முட்டை. 22-ம் நாள் காலையில் கோழி ஐந்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கிவிடுகிறது. மிச்சம் ஏழு முட்டை உள்ளேயே கிடக்கிறது. "எல்லாம் கூமுட்டை" என்று எருக்குழியில் வீசிவிட்டு அடுத்த அடைக்குத் தயாராகிறோம். அதே கூடை, அதே சேவல், அதே அடுப்படியில் சேர்த்த முட்டை. அப்புறம் மறுபடியும் ஐந்து குஞ்சு வந்தால் கோழியைத் திட்டி என்ன பயன்?

கூமுட்டை என்கிற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் கிடக்கின்றன. கருவே பிடிக்காத முட்டை ஒன்று. மூன்றாம் நாளில் செத்த கரு ஒன்று. இறகு முளைத்த பிறகு செத்தது ஒன்று. முழுக்குஞ்சாகி, ஓட்டைக் கொத்த முடியாமல் மூச்சு முட்டிச் செத்தது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கரு எத்தனையாவது நாளில் நின்றது என்று தெரிந்துவிட்டால், தப்பு சேவலிடமா, நாம் முட்டை சேர்த்த விதத்திலா, கூடையிலா என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

உடைப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள். நாற்றம் வந்தாலோ, ஓட்டில் ஈரம் கசிந்து நின்றாலோ தொடாமல் புதைத்துவிடுங்கள். உள்ளே வாயு கட்டி நிற்கும், தட்டினால் வெடிக்கும், அந்த வாடை சட்டையை விட்டு இரண்டு நாள் போகாது. மற்றவற்றை அகன்ற முனையில் மெதுவாகத் தட்டி, காற்று அறைக்கு மேலிருக்கும் ஓட்டை மட்டும் உரித்தெடுங்கள். கீழே வெள்ளைச் சவ்வு தெரியும். சவ்வு முழுசாக இருக்கிறதா, குஞ்சு அதைக் குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தட்டில் கொட்டுங்கள்.

மஞ்சள் கரு உடையாமல், சுற்றிலும் தெளிவாக, 21 நாள் சூட்டில் இருந்தும் சாதாரண முட்டை மாதிரியே இருந்தால் அதில் கரு பிடிக்கவே இல்லை. பச்சை முட்டையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மஞ்சள் கருவின் மேல் ஒரு சின்ன வெண்புள்ளி இருக்கும். அது ஓரம் பிசிறிய, கெட்டியான பொட்டாக இருந்தால் கரு பிடிக்காதது. நடுவில் தெளிந்து, சுற்றி வளையம் போட்ட மாதிரி நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் இருந்தால் கரு பிடித்தது. சமையலுக்கு முட்டை உடைக்கும்போதெல்லாம் பார்த்துப் பழகினால் அடை வைக்காமலே சேவலின் லட்சணம் தெரிந்துபோகும்.

கரு பிடிக்காததற்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கு மீறிப்போனது ஒரு காரணம். சேவல் கிழடாகிவிட்டது, கால் ஊனம், கோடையில் சூடு தாங்காமல் சோர்ந்துவிட்டது என்பவையும் காரணங்கள். இரண்டு சேவல் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான். பெட்டையின் முட்டைக் குழாயில் விந்தைச் சேமித்து வைக்கிற நுண்குழல்கள் உண்டு. ஒரு முறை சேர்ந்தால் பத்துப் பதினைந்து நாள் வரை கரு பிடித்த முட்டை வரும். அதனால் சேவலை விற்ற மறுநாளே முட்டையெல்லாம் வீணாகிவிடாது. இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள்: சிறுவிடை இனச் சேவலை எடுத்துவிட்டு அசில் இனச் சேவலை விட்டால், மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் அசில் குஞ்சுக்கு நம்பி வைக்கலாம். குஞ்சு சேவலா பெட்டையா என்பதைத் தீர்மானிப்பதும் கோழிகளில் தாய்தான். சேவலை மாற்றிப் பெட்டைக் குஞ்சு கூட்ட முடியாது.

தட்டில் கொட்டியதில் மஞ்சள் கரு கலங்கி, ரத்த வளையம் ஒன்றோ, மெல்லிய ரத்தக் கோடுகளோ தெரிந்தால் அது இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் நின்றுபோனது. இரண்டாம் நாள் முடிவதற்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும், ரத்தக் குழாய்கள் மஞ்சள் கருவின் மேல் வலை பின்னும். கரு சாகும்போது அந்த ரத்தம் ஓரத்தில் ஒதுங்கி வளையமாக உறைகிறது. 21 நாளில் கரு அதிகமாகச் சாகிற இரண்டு கட்டங்களில் இது முதலாவது. நம் பக்கம் இதற்கு முக்கியக் காரணம், முட்டை அடைக்குப் போவதற்கு முன்பே நடந்துவிட்ட கேடு.

முட்டை தாயின் உடம்புக்குள் உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. அந்த நேரம் முழுக்கக் கரு வளர்ந்துகொண்டே இருக்கும். வெளியே வரும்போதே பல ஆயிரம் செல்கள் சேர்ந்திருக்கும். வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி தூங்கிவிட வேண்டும். 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் அது முழுசாகத் தூங்கும். சித்திரை மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி இருக்கும்போது கரு தூங்கவும் இல்லை, ஒழுங்காக வளரவும் இல்லை, அரைகுறையாக முளைத்து வலுவிழக்கிறது. அடுப்பு மேடைக்கு மேல் தொங்கும் கூடையில் சேர்த்த முட்டை இப்படித்தான் கெடுகிறது. 15 முதல் 18 டிகிரி வரை வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அந்த வசதி இல்லாத வீட்டில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் மண்சட்டி வைத்து, முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, ஈரத்துணியால் மூடுங்கள். முட்டை மேல் தண்ணீர் படக் கூடாது. கோடையில் நாலைந்து நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஃப்ரிட்ஜ் இதற்கு ரொம்பவே குளிர்.

நாட்டுக்கோழி ஒரு ஈட்டில் 12 முட்டை இட்டு முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிடும். அடைக்கு உட்காரும்போது அதன் முதல் முட்டைக்கு வயது பதினைந்து நாள். அதனால் ஓட்டில் பென்சிலால் தேதி போட்டு, முதலில் இட்டதைச் சாப்பிட்டுவிடுங்கள், கடைசியில் இட்டதை அடை வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. அழுக்கு முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவி வைப்பதும் வேண்டாம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. வெதுவெதுப்பான முட்டை குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளே சுருங்கி, வெளியிலிருக்கிற கிருமியை இழுத்துக்கொள்ளும்.

நடுவயதில், அதாவது எட்டாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையில் சாவது குறைவு. கண் கறுத்து, கால் விரல் பிரிந்து, தூவி முளைத்த கரு கிடந்தால் இந்தக் கணக்கு. தூவி விரியாமல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தால் தாய்க்கோழிக்கு ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சத்துப் பற்றாக்குறை. வெறும் அரிசியும் சோளமும் தின்று இட்ட முட்டை அது. முட்டை சேர்க்கத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே கீரை, மோர் கலந்த தவிடு கொடுங்கள். தூவி சரியாக இருந்து கரு மட்டும் செத்திருந்தால் கூடையைப் பாருங்கள். செல்லுப் பூச்சி ஏறிய கூடையில் கோழி ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து நிற்கும். கூடையை வெயிலில் காயவைத்து, அடியில் மணலும் சாம்பலும், மேலே புது வைக்கோலும் போட்டுக் குழிவாக அமைத்தால் போதும்.

இங்கேயே எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண நாட்டுக்கோழிக்கு 10 முதல் 12 முட்டை. 16 வைத்தால் ஓரத்து நாலு மட்டும்தானே கெடும் என்று நினைக்கிறார்கள். கோழி ஒரு நாளைக்குப் பல தடவை முட்டையை உருட்டி, ஓரத்ததை உள்ளேயும் உள்ளதை ஓரத்துக்கும் தள்ளும். எல்லா முட்டையும் முறை வைத்துக் குளிரும். தினம் ஒரு தடவை 15, 20 நிமிடம் தீனிக்கு இறங்குவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் வேறு பெட்டை ஏறி முட்டையிட்டுவிட்டுப் போவதுதான் தொல்லை. அடை வைத்த முட்டைகளில் கரிக்கோடு போட்டு வைத்தால் புதுசு எது என்று தெரியும்.

இனி கடைசிக் கட்டம். முழுக்குஞ்சு, இறகு நிறைந்து, அலகு நுனியில் ஓட்டைக் கொத்துவதற்கான சின்ன வெள்ளை முள்ளோடு செத்துக் கிடப்பது. அதிகமாகச் சாகிற இரண்டாவது கட்டம் இதுதான், வயிறு எரிவதும் இதைப் பார்த்துத்தான். 18-ம் நாள் வரை குஞ்சு ஓட்டை ஒட்டிய ரத்தக்குழாய் வலை வழியாக மூச்சு வாங்குகிறது. அப்புறம் அலகைக் காற்று அறைப் பக்கம் திருப்பி, உள்சவ்வைக் குத்தி, முதல் தடவையாக நுரையீரலில் காற்றை இழுக்கிறது. முட்டைக்குள்ளிருந்து கீச்சொலி கேட்பது அப்போதுதான். மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுபடுகிறது. பிறகு ஓட்டில் முதல் விரிசல். அதற்குப் பின் பல மணி நேரம் சும்மா இருக்கும். செத்துவிட்டது என்று பயந்து ஓட்டைப் பிய்க்கிறோம். அந்த நேரத்தில்தான் சவ்வில் இருக்கும் ரத்தம் குஞ்சின் உடம்புக்குள் திரும்புகிறது. பிய்த்தால் ரத்தம் கொட்டிச் சாகும், தொப்புள் மூடாமல் குடல் தொங்கும். விரிசல் விட்டு ஒரு முழு நாள் ஆகும் வரை கை வைக்க வேண்டாம்.

இந்தக் கட்டத்துச் சாவுக்கு இன்குபேட்டரில், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டியில் வைப்பவர்களிடம் ஈரப்பதம்தான் பெரிய காரணம். முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் நீரை இழக்க வேண்டும். இழந்த இடத்தில்தான் காற்று அறை பெரிதாகிறது. பத்து முட்டையைச் சேர்த்து எடை போடுங்கள். வைக்கும்போது 450 கிராம் என்றால் 18-ம் நாளில் 396 கிராம் பக்கம் இருக்க வேண்டும். 420-ல் நின்றால் ஈரம் அதிகம்: காற்று அறை சின்னது, குஞ்சு ஊதிப்போய்க் கொழகொழவென்று இருக்கும், குத்தியதும் நீர் மூக்கில் ஏறிச் சாகும். 375-க்கு இறங்கினால் ஈரம் குறைவு: குஞ்சு சின்னதாக, சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டியிருக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 என்று வைத்துக்கொண்டு எடையைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். கடைசி மூன்று நாளில் "எத்தனை வந்திருக்கு" என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் சவ்வைக் காயவைத்துவிடும்.

காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. காற்றாடி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல் மட்டத்தில் 38.5 முதல் 39. இந்த வித்தியாசம் தெரியாமல் கெட்டவை ஏராளம். 19, 20-ம் நாளே பொரித்து, தொப்புள் சரியாக மூடாமல் வந்தால் சூடு கூடுதல். 22-ஐத் தாண்டி இழுத்தால் சூடு குறைவு. கரண்ட் போனால் பதற வேண்டாம், குளிர்வதைவிடச் சூடேறுவதுதான் கருவுக்கு எமன். முட்டையைத் திருப்புவது தினம் மூன்று அல்லது ஐந்து தடவை, ஒற்றைப்படையில். அப்போதுதான் ஒரே பக்கம் தினமும் ராத்திரி முழுக்க மேலே இருக்காது. 18-ம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். உடைத்த முட்டையில் குஞ்சின் தலை கூர்முனைப் பக்கம் இருந்தால், தட்டில் தலைகீழாக அடுக்கியிருக்கிறீர்கள். அகன்ற முனைதான் மேலே இருக்க வேண்டும்.

இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் கரித்துண்டும் இரும்பும் காய்ந்த மிளகாயும் போடுகிற வழக்கம் உண்டு. போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த ராத்திரியில் சாரல் அடித்துக் கூடை நனைந்ததா, மிரண்ட கோழி எழுந்து போனதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

ஏழாம் நாள் ராத்திரி இருட்டில் முட்டையின் அகன்ற முனையில் செல்போன் லைட்டை ஒட்டி வைத்துப் பார்த்தால், சிலந்தி வலை மாதிரி ரத்தக்குழாயும் நடுவில் அசையும் கறுப்புப் பொட்டும் தெரிய வேண்டும். தெளிவாக இருப்பதையும் ரத்த வளையம் கட்டியதையும் அன்றே எடுத்துவிடலாம். கடைசியில் உடைத்துப் பார்க்க வேண்டியது அவ்வளவு குறையும். வாத்து, வான்கோழி முட்டைகளுக்கும் இதே முறைதான், நாள் மட்டும் 28. காடைக்கு 17, 18. பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி இல்லையே என்று அலமர வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், அதற்குள் மற்ற முட்டைகளும் பொரிக்கட்டும்.