படிகாரத்தில் பார்த்த கருங்கல்

எங்கள் ஊரில் கல் கிடையாது. கும்பகோணத்துப் பக்கம் போர் போட்டால் மணல், களிமண், மறுபடியும் மணல் என்றுதான் வரும். வீட்டு அம்மிகூட எங்கிருந்தோ வண்டியேறி வந்ததுதான். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் டெல்டாவுக்கு வெளியிலிருந்துதான் கல் வந்தது. அதனாலேயே எனக்குக் கல் மேல் தனி ஆசை.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கியதும் முதலில் பார்த்தது அந்த அம்மியைத்தான். பால் நிறத்தில் ஃபெல்ஸ்பார், கண்ணாடிச் சில்லு மாதிரி குவார்ட்ஸ், மினுக்கும் கருப்பு மைக்கா என்று மூன்று கனிமங்கள். ஒவ்வொரு மணியும் அரிசி அளவு இருந்தது. அடுப்பு மேடையின் கருப்புக் கல்லில் மணிகள் அதைவிட மிகப் பொடி. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் மெதுவாக ஆறிய மாக்மா என்ற பாறைக் குழம்பில் மணி பெரிதாகும், மேலே வந்து சட்டென்று ஆறினால் பொடியாகும் என்று படித்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கினேன். அரை லிட்டர் கொதிநீருக்கு 150 கிராம். கரைசலை வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை ஐஸ் தண்ணீரில் வைத்தேன். இன்னொன்றைச் சூட்டோடு மூடி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்தேன். முதல் தடவை வைக்கோல் டம்ளர் கெட்டுப்போனது. பொறுமையில்லாமல் அரைமணிக்கொரு தரம் திறந்து, தூக்கி, அசைத்துப் பார்த்தேன். அசைவிலும் விழுந்த தூசியிலும் நூறு இடத்தில் படிகம் பிடித்து, எல்லாமே சின்னதாக நின்றுவிட்டன.

இரண்டாம் தடவை இரவு வைத்து, காலையில்தான் திறந்தேன். அடியில் எட்டு முகம் கொண்ட படிகங்கள், பெரியது கொண்டைக்கடலை அளவு, விளிம்பெல்லாம் கூர்மை. ஐஸில் வைத்ததில் ரவை மாதிரி வெள்ளைப் பொடிதான். சரக்கு ஒன்றுதான், ஆறிய வேகம் மட்டும் வேறு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒரே படிகாரமாடா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது. வைக்கோலில் நாலைந்து படிகம் வளர்ந்ததும் டம்ளரை அப்படியே ஐஸுக்கு மாற்றினேன். கேசரியில் முந்திரி கிடப்பது போல, பொடிக்கு நடுவே பெரிய படிகங்கள். ஆழத்தில் கொஞ்ச காலம் ஆறிவிட்டுத் திடீரென்று மேலே வந்த பாறையும் இப்படித்தான் இருக்கும். அதற்குப் பார்ஃபிரி என்று பெயர்.

அப்புறம் சர்க்கரைப் பாகு. முற்றிய பாகை எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றினேன். படிகமே இல்லாமல் தெளிந்த கண்ணாடியாக உறைந்தது. அதே சர்க்கரையை நூல் கட்டி நாள்கணக்கில் விட்டால் கற்கண்டு. எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனும் இந்தப் பாகு மாதிரிதான்: குழம்பு அவ்வளவு கெட்டி, அணுக்கள் நகர்ந்து வரிசை கட்டுவதற்குள் உறைந்துவிடுகிறது.

அந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது என்பதை என் டம்ளர்கள் சொல்லவில்லை. அது சிலிக்கா, அதாவது குவார்ட்ஸின் சரக்கு, எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. பசால்ட் என்ற கருப்பு எரிமலைப் பாறையில் சிலிக்கா சுமார் 50 சதவீதம். குழம்பு 1,100 டிகிரிக்கு மேல் இளக்கமாக ஓடும். எங்கள் அம்மி போன்ற கிரானைட் வகையில் 70 சதவீதம் அளவுக்கு இருக்கும். குழம்பு பிசினாக நிற்கும். மேடைக்கல்லைக் கடையில் 'பிளாக் கிரானைட்' என்றுதான் விற்கிறார்கள். ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வெட்டும் கருங்கல்லில் பெரும்பகுதி டோலரைட். பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து ஆறிய பசால்ட் சரக்கு அது. அம்மியும் மேடையும் வேகத்தில் மட்டுமல்ல, சரக்கிலேயே வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளவே எனக்கு இத்தனை நாள் ஆனது.

போன வாரம் அரசலாற்று மணலை ஒரு பிடி அள்ளி வந்து லென்ஸில் பார்த்தேன். பெரும்பாலும் குவார்ட்ஸ், இடையிடையே இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார். காந்தம் வைத்ததும் கருப்புப் பொடி ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. அதிகச் சூட்டில் முதலில் உருவாகும் ஆலிவின், பைராக்சீன் போன்ற கனிமங்கள்தான் வெயிலிலும் மழையிலும் முதலில் சிதைகின்றன. கடைசியில் உருவான குவார்ட்ஸ் தாங்கி நிற்கிறது. ஃபெல்ஸ்பார் மக்கிக் களிமண்ணாகிறது. மேற்கே உடைந்த பாறைதான் காவிரியோடு வந்து எங்கள் வயலாகக் கிடக்கிறது. ஆடிப்பெருக்குத் தண்ணீர் வடிந்ததும் கொள்ளிடத்து மணலையும் எடுத்து, இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.