முடிச்சூர் மழைக் குறிப்புகள்

நவம்பர் 9, ஞாயிறு

தென்மேற்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. தாம்பரம் பக்கத்து எங்கள் முடிச்சூர் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நாளை மிதமான மழை, செவ்வாய் மஞ்சள் எச்சரிக்கை, புதன் ஆரஞ்சு, வியாழனிலிருந்து குறையும். இந்த வாரக் கணிப்பு இவ்வளவுதான். அதற்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சிகள்: "ஒண்ணும் வராது" கட்சி, "காரை மேட்டுல ஏத்துங்க" கட்சி. நான் இரண்டாவது.

ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஆனால் "ஓரிரு இடங்களில்" என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அந்த இடம் மாமல்லபுரமாக இருக்கலாம், மதுராந்தகமாகவும் இருக்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

பகலெல்லாம் சுள்ளென்று வெயில். முதல் கட்சிக்குக் கொண்டாட்டம். வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் கொட்டும். சாயங்கால வானத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவானேன்?

நவம்பர் 11, செவ்வாய்

விடிகாலையில் பிடித்தது, ஏழு மணி வரை விடவில்லை. பால்காரர் வரவில்லை. ஏழரைக்கே குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள்: "செம்பரம்பாக்கம் திறக்கப் போறாங்களாம்!"

வருஷா வருஷம் இதே பாட்டு. அந்த ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், அதாவது நம்மைத் தாண்டிக் கீழே. அனகாபுத்தூர், சைதாப்பேட்டைக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அது. நமக்குத் தண்ணீர் தெற்கிலிருந்து வருகிறது. அடையாறு ஆதனூர் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம் வழியாக நம்மையும் வரதராஜபுரத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அந்தத் தெற்குப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் நமக்கு ஆபத்து.

2015 டிசம்பர் 2 காலை தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை பெய்ததுதான் ஒரு நாள் கணக்கு என்பதால், அதில் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று கொட்டியது. அன்று தரைத்தளத்தில் இருந்தவர்கள் யாரும் இப்போது "ஒண்ணும் வராது" கட்சியில் இல்லை.

நவம்பர் 12, புதன்

ஆரஞ்சு. பள்ளிகளுக்கு விடுமுறை. பெய்தது தூறல். பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆட, குழுவில் வானிலை மையத்துக்கு அர்ச்சனை. மேகக்கூட்டம் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் கணிப்பு பொய்யாகிவிடுமா? மாவட்டத்துக்குச் சொன்னதை நம் வாசலுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்.

நவம்பர் 13, வியாழன்

ராத்திரி தெற்கே நல்ல மழையாம். இங்கே சொட்டுக்கூட இல்லை, ஆனால் காலையில் தெருக்கோடியில் கணுக்கால் தண்ணீர். சம்ப் மூடியைச் சுற்றி மண்மூட்டை அடுக்கினோம். மதியத்துக்குள் வடிந்துவிட்டது. நம் தெருவுக்கு மட்டும் ஒரு கணிப்பு எழுதச் சொன்னால், ஆதனூரிலும் மண்ணிவாக்கத்திலும் எவ்வளவு பெய்தது என்பதைத்தான் முதல் வரியில் போடுவேன்.

நவம்பர் 14, வெள்ளி

எச்சரிக்கை எதுவும் இல்லை. அடுத்த வார நடுவில் இன்னொரு தாழ்வுப் பகுதி உருவாகலாம் என்கிறார்கள். மழைநீர் கால்வாய் வாயில் பிளாஸ்டிக்கும் கட்டட இடிபாடும் அடைத்துக் கிடப்பதைப் படம் எடுத்துப் புகார் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை ஆள் வருமாம். வராவிட்டால் நாங்கள் நாலைந்து பேர் மண்வெட்டியோடு இறங்குவதாகப் பேச்சு. முதல் கட்சியிலிருந்தும் ஒருவர் வருகிறார்.