வராதவர்களின் பட்டியல்

கிளினிக்கில் கணினிப் பதிவு வந்ததால் என்ன லாபம் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்வது இதுதான்: கார்டு தேட வேண்டாம், டாக்டரின் கையெழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வரிசை கொஞ்சம் வேகமாக நகரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்ன அரசு கிளினிக்கில், இனிப்பு நீரும் (நீரிழிவு) இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களைப் பார்க்கிற அறையில் பல வருடமாக வேலை செய்யும் தாதியாக எனக்குப் படுவது வேறு. யார் வரவில்லை என்று கணினி காட்டுகிறதே, அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

பழைய கார்டு முறையில் இது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் வந்து நின்றால்தான் அவருடைய கார்டு அலமாரியிலிருந்து வெளியே வரும். எட்டு மாதமாக வராதவரின் கார்டு எட்டு மாதமும் அங்கேயே கிடக்கும், யாருக்கும் உறுத்தாது. சந்திப்பு நாள் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் கோடு போடாமல் விட்டிருப்போம், மாலையில் அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும், ஆனால் நூறு பேரைப் பார்த்து முடித்த களைப்பில் யார் உட்கார்ந்து எண்ணுவது? இப்போது கடந்த மூன்று மாதத்தில் மருந்து எடுக்காதவர்கள் யார், ஒரு வருடமாக எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்காதவர்கள் யார், கண் படம் எடுக்காதவர்கள் யார் என்று கேட்டால் பட்டியல் வந்துவிடுகிறது. இதற்குப் பெரிய மென்பொருள்கூட வேண்டாம், ஒழுங்காக நிரப்பிய ஒரு எக்செல் தாள் இருந்தாலே பாதி வேலை நடக்கும்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. 2019-இல் அது 18.3. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம், இதைச் சொல்ல எனக்கு ஆய்வு தேவையில்லை, அறைக்கு வெளியே உள்ள நாற்காலிகளைப் பார்த்தாலே போதும். புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதே இந்த நோயால்தான். ஒழுங்காக வருகிறவர்களுக்குப் பிரச்சினை வந்தால் நாம் பார்த்துவிடுகிறோம். வராமல் போனவர் ஒரு நாள் காலில் கறுத்த விரலோடு வருவார், அப்போது கிளினிக் செய்ய அதிகம் மிச்சமிருக்காது.

சரி, பட்டியல் வந்துவிட்டது. அடுத்து என்ன? அகர வரிசையில் மேலிருந்து கீழாக ஃபோன் போடுவதில் பயனில்லை. இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகம் வேலை செய்யும் திறன் இறங்கிக்கொண்டே வருகிறவர்கள், முன்பு காலில் புண் வந்தவர்கள், தனியாக வாழ்கிற பாட்டி தாத்தாக்கள், இவர்களை முதலில் எடுக்க வேண்டும். கடைசியில் சொன்னேனே, தனியாக வாழ்கிறவர்கள், அதற்குக் கணினியில் கட்டமே கிடையாது. அது தாதிக்குத்தான் தெரியும். தோட்டத்தில் லயத்து வீடுகள் காலியாகி, பிள்ளைகள் பினாங்கு, ஜொகூர் என்று தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்ட பிறகு, பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போன எத்தனையோ பேர் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பதிவில் இருக்கும் கைப்பேசி எண் மகனுடையது, அவர் வேலை நேரத்தில் எடுக்கமாட்டார். பாட்டியின் சொந்த எண் கிடைத்தாலும் தெரியாத எண் என்றால் பயப்படுகிறார்கள், ஸ்கேமர் தொல்லை அப்படி. நான் கண்டுபிடித்த ஒரே வழி, எடுத்தவுடன் தமிழில் பேசி, "அம்மா, கிளினிக் மிஸ்ஸி பேசுறேன், நீங்க முன்ன இருந்த தோட்டத்து ஆயாகொட்டாயில வேலை பாத்தீங்கல்ல?" என்று அவர்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்வது. உடனே குரல் மாறிவிடும். எந்தச் செயலியும் இதைச் செய்யாது, ஆனால் செயலி இல்லாமல் அந்த அம்மாவை ஃபோனில் கூப்பிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது.

எண்ணிக்கை என்பது டாக்டருக்கும் அதிகாரிக்கும் உரியது, நாம் கையால் வேலை செய்கிறவர்கள் என்று நினைக்கிற தாதிகள் இன்னும் இருக்கிறார்கள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய சீமாட்டியாக மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு காரணம். கிரைமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை மாதவாரியாக எண்ணி, 1858-இல் வட்டப் படமாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தவர் அவர். லண்டன் புள்ளியியல் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினரானவரும் அவர்தான். கணக்குப் பார்ப்பது நம் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்த சுமை இல்லை.

ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். திரையில் நோயின் பெயருக்கு இடம் உண்டு, மருந்துக்கு உண்டு, இரத்தப் பரிசோதனைக்கு உண்டு. தாதி செய்ததற்கு? ஒரே இடத்தில் இன்சுலின் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி கட்டியாக இருப்பதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தேன், இடம் மாற்றிப் போடச் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. பதிவில் பார்த்தால் மருந்து வேலை செய்தது என்றுதான் இருக்கும். அமெரிக்காவில் ஹாரியட் வெர்லி என்ற தாதி 1980-களில் இதே குறையைத்தான் எழுப்பினார். மருத்துவமனைப் பதிவில் தாதியர் பணி கண்ணுக்கே தெரியவில்லை என்று சொல்லி, தாதி கண்டறிந்த பிரச்சினை, செய்த பராமரிப்பு, அதனால் வந்த பலன், எவ்வளவு பராமரிப்பு தேவைப்பட்டது, இவற்றையாவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பதிய வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பை உருவாக்கினார்கள். 1992-இல் அமெரிக்கத் தாதியர் சங்கம் தாதியர் தகவலியலைத் தனிச் சிறப்புத் துறையாகவே ஏற்றுக்கொண்டது. நம் ஊர் இளைய தாதிகளிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள், இப்படி ஒரு படிப்பு இருக்கிறதா அக்கா என்று.

எனக்குத் திரையில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்றால் "ஏன் வரவில்லை" என்பதைத்தான் கேட்பேன். இப்போது அது குறிப்புப் பகுதியில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதப்பட்டு யாராலும் எண்ண முடியாமல் கிடக்கிறது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போகும். மோட்டார் ஓட்டிவந்த கணவர் இறந்துவிட்டார். பேரனுக்குப் பள்ளி, கொண்டுவிட ஆளில்லை. கால் வலிக்கிறது. போன தடவை எல்லார் முன்னாலும் யாரோ கடிந்து பேசினார்கள். இந்தக் காரணங்களைக் கட்டம் போட்டு வாங்கினால், எந்தத் தாமானுக்கு நடமாடும் கிளினிக் போக வேண்டும், யாருக்கு மாலை நேரம் கொடுக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் ஆதாரத்தோடு பேசலாம். இல்லாவிட்டால் "இவங்களுக்கு அக்கறையே இல்ல" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிடும். நான் அந்த வாக்கியத்தை நிறையக் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதச் சோதனையின்போது 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களில் இழை வளையும் வரை அழுத்துவோம். அது தொடுவது தெரியவில்லை என்றால் பாதத்தைக் காக்கிற உணர்வு போய்விட்டது என்று பொருள், தார் ரோட்டின் சூடும் தெரியாது, குத்திய கண்ணாடியும் தெரியாது. அந்தப் பாதத்தோடு நம்மவர்கள் ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்குப் பால்குடம் எடுத்து வெறுங்காலில் நடப்பார்கள். போதாததற்கு அதற்கு முன் பல நாள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம், ஆனால் மாத்திரையும் இன்சுலினும் எப்போதும்போல. சர்க்கரை படாரென்று இறங்கி மயங்கி விழுவது இப்படித்தான். முஸ்லிம் நோயாளிகளுக்கு நோன்பு மாதத்துக்கு முன்பே மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிச் சொல்லித்தருகிற வழக்கம் இருக்கிறது, அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கென்றே 2016-இல் வழிகாட்டி வெளியிட்டு 2021-இல் புதுப்பித்தது, மிக நல்ல விஷயம். நம் விரதத்துக்கு அப்படி ஒன்று எங்கள் திரையில் இல்லை. அதனால் தைப்பூசத்துக்கு முன்பு பாத உணர்வு இல்லை என்று பதிவானவர்களையும் இன்சுலின் போடுகிறவர்களையும் மட்டும் பிரித்தெடுத்து நானே கூப்பிட்டுப் பேசுகிறேன். வேண்டுதலை விடச் சொல்ல எனக்கு மனசு வராது, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். டாக்டரைப் பார்த்து விரத நாளுக்கு மருந்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், வெயில் ஏறுமுன் நடந்து முடியுங்கள், வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள், கொப்புளம் இருந்தால் மஞ்சளைப் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் மறுநாளே வாருங்கள், இவ்வளவுதான். மறுநாள் உண்மையிலேயே வந்து காலை நீட்டிக் காட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

தாதியின் கண் இல்லாமல் செய்த கருவியும், தாதியின் கண்ணிலிருந்து பிறந்த கருவியும் ஒன்றாக இருக்காது. மருந்து கொடுக்குமுன் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்கிற பார்கோடு முறை, அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் டொபிகாவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வேலை செய்த சூ கின்னிக் என்ற தாதியின் யோசனை. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் பார்கோடை ஸ்கேன் செய்ததைப் பார்த்து, காருக்குச் செய்கிறார்களே, மருந்துக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்டவர் அவர். 2010-இல் பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆராய்ந்தபோது, நேரம் தவறுவதை விட்டுவிட்டுப் பார்த்தால் மருந்து கொடுப்பதில் நடந்த தவறுகள் 41 விழுக்காடு குறைந்திருந்தன. அதே முறையைத் தாதியின் வேலை ஓட்டத்தைப் பார்க்காமல் திணித்த இடங்களில் கைப்பட்டையின் நகலை மேசையில் ஒட்டி வைத்து ஸ்கேன் செய்வது போன்ற குறுக்கு வழிகள் முளைத்ததையும் 2008-இல் ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது. தாதிகளைத் திட்டிப் பயனில்லை. கம்பியில்லா ஸ்கேனர் கட்டில் வரை வராவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

இன்னொன்று, நம் தோல் நிறம். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் சில சமயம் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டும். 2020 டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் இரத்தத்தில் உண்மையில் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6. நம்மவர்களை வைத்துச் செய்த ஆய்வு இல்லை அது, இருந்தாலும் வெயிலில் கறுத்த தோட்டத்து ஐயா ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது 95 என்று காட்டுகிறதே என்று நிம்மதியடையாதீர்கள். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடிகிறதா பாருங்கள், அதையும் பதிவில் எழுதுங்கள்.

புண்ணைப் படம் எடுத்து வாட்சாப் குழுவில் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வசதிதான், டாக்டரின் பதில் உடனே வரும். ஆனால் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் முகமும் தெரிகிற மாதிரி போடாதீர்கள். இந்த மாதிரி ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம், காசநோய் மருந்து எடுக்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் செய்தி கசிந்தால் அவள் பிறகு கிளினிக் பக்கமே வரமாட்டாள்.

அப்புறம், வீட்டில் அப்பா அம்மாவுக்கு இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு. அடுத்த முறை அவர்களை அழைத்து வரும்போது கவுண்டரில் பதிவில் உள்ள கைப்பேசி எண் எது என்று கேட்டு, பகலில் ஃபோன் எடுக்கக்கூடிய இன்னொருவரின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்றாலும் பரவாயில்லை, முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். லெட்சுமி, முனியாண்டி போன்ற பெயர்கள் ரூமி (ரோமன்) எழுத்தில் பல மாதிரி எழுதப்பட்டிருக்கும், ஐசியில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். மைசெஜாத்ரா என்ற அரசு சுகாதாரச் செயலியில் சந்திப்பு நாள் பிள்ளையின் கைப்பேசிக்குத்தான் வரும் என்றால், அதைப் பார்த்துவிட்டு மறக்காமல் அம்மாவுக்குச் சொல்லுங்கள், முடிந்தால் வீட்டுக் காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். விரதம் இருக்கப்போகிறார்கள் என்றால் ஒரு மாதம் முன்பே வாருங்கள்.