காவலுக்கு ஆள் எடுத்த கதை

நேர்முகப் பரீட்சைக் குழுவில் மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை. மேசைக்கு ஓரமாக ஒரு கதிரை போடுவார்கள். குறிப்பெடுக்க வேண்டும், குழுவில் ஒருவருக்கு விளங்காததை மற்ற மொழியில் மெதுவாகச் சொல்ல வேண்டும், அபிப்பிராயம் மட்டும் சொல்லக் கூடாது. திருகோணமலையில் சேவையில் இருந்த காலத்தில் அந்தக் கதிரையில் நிறையத் தடவை இருந்திருக்கிறேன். சாரதி, முகாமைத்துவ உதவியாளர், திட்ட உத்தியோகத்தர் என்று எத்தனையோ தெரிவுகள், அநேகமாக எல்லாம் மறந்துவிட்டன. அலுவலகங்களில் அரசகரும மொழிக் கொள்கை நடைமுறையாகிறதா என்று கண்காணிக்க ஒரு மூத்த அதிகாரியை எடுத்தார்களே, அது மட்டும் மறக்கவில்லை. அன்று அடக்கிக்கொண்ட அபிப்பிராயத்தை ஓய்வூதியக்காரனாக இருந்துகொண்டு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் இந்த வேலை லேசானதல்ல. மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் என்று ஒரு பக்கம், கந்தளாய், சேருவில, கோமரங்கடவல, பதவிசிறிபுர என்று இன்னொரு பக்கம். தமிழரும் முஸ்லிம்களுமாகத் தமிழ் பேசுகிறவர்கள்தான் கூட, ஆனாலும் ஏறத்தாழ நாலில் ஒருவர் சிங்களவர். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். எங்கள் ஆட்கள் மேடையில் பேசும்போது அதோடு நிறுத்திக்கொள்வார்கள். தமிழ் நிர்வாக மொழியாக உள்ள இடத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டுப் பதில் பெறும் உரிமையும் அதே உறுப்புரையில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே வருகிற அதிகாரி கொழும்போடும் மல்லுக்கட்ட வேண்டும், தன்னுடைய அலுவலகத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கடற்றொழிலாளி ஒருவர் ஒரு நாள் என்னிடம் ஒரு பிரதியைக் கொண்டுவந்தார். வலை களவு போனதைப் பற்றிப் பொலிசில் கொடுத்த முறைப்பாடு. அவர் தமிழில் சொல்லியிருக்கிறார், எழுதியது சிங்களத்தில். கடைசியில் ‘வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரி, அதற்குக் கீழே இவருடைய கையொப்பம், தமிழில், கொஞ்சம் சரிந்து. காப்புறுதிக்காரர் கேட்கிறார், என்ன எழுதியிருக்கு என்று சொல்லுங்கோ ஐயா என்றார். வாசித்தேன். களவு போனது என்பதற்குப் பதிலாகத் ‘தொலைந்தது’ என்று இருந்தது. எழுதியவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், அவருக்கு விளங்கின தமிழ் அவ்வளவுதான். ஆனால் காசு கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட தாள்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். மொழி உரிமை என்றால் பெயர்ப்பலகையில் எந்த எழுத்து மேலே வரவேண்டும் என்கிற சண்டை என்று நினைக்கிறவர்களுக்கு அந்தக் கையொப்பத்தைத்தான் காட்ட வேண்டும்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி. 1958இல் தமிழுக்கு விசேட ஏற்பாடு. 1987இல் 13ஆம் திருத்தம், தமிழும் அரசகரும மொழி. அடுத்த ஆண்டு 16ஆம் திருத்தம், நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் இரண்டு மொழிக்கும் இடம். 1991இல் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அரசகரும மொழிகள் ஆணைக்குழு. முறைப்பாட்டை விசாரிக்கலாம், பரிந்துரை செய்யலாம், கேட்காவிட்டால் மேல் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. வேண்டுமென்று மொழிக் கடமையைத் தவறவிடும் அரச உத்தியோகத்தருக்குத் தண்டனைகூட எழுதப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் முறைப்பாட்டுக்குத் தொலைபேசி இலக்கம் ஒன்றும் வந்தது: 1956. யார் யோசித்த இலக்கமோ, அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

ஆணைக்குழுச் சட்டத்துக்கு முந்திய தலைமுறையில் இதையெல்லாம் ஒரு தனி ஆள் சுமந்தார். கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை காரணமாகச் சம்பள உயர்ச்சியை நிறுத்தியபோது வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1969இல் அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகம் வரை போனார். அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடலாம் என்று அங்கே தீர்ந்தது, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி திரும்ப இங்கே அனுப்பப்பட்டு, பதில் இல்லாமலே போயிற்று. காவலுக்கு ஒரு அதிகாரி இருந்திருந்தால் ஒரு எழுதுவினைஞர் அவ்வளவு தூரம் நடந்திருக்கத் தேவையில்லை.

இனி அந்தத் தெரிவு. விளம்பரத்தில் கேட்டிருந்தவை: நிர்வாக சேவையில் இத்தனை வருடம், பட்டம், இரண்டாம் மொழித் தேர்ச்சி, கணினி அறிவு. 2007இன் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கைக்குப் பிறகு புதிதாகச் சேர்கிற எல்லா அரச ஊழியரும் மற்ற மொழியைப் படித்துத் தேற வேண்டும் என்று ஆனதால், மொழிச் சான்றிதழ் எங்கும் ஒரு பெரிய விஷயமாகிவிட்டது. புள்ளித் திட்டமும் அப்படித்தான். சேவை மூப்புக்கு இவ்வளவு, தகைமைக்கு இவ்வளவு, சான்றிதழுக்கு இவ்வளவு. நேரில் பேசுவதற்குக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

வந்த எல்லோருமே நல்லவர்கள். பெரும்பாலான கேள்விகளும் பாடமாக்கி வந்து சொல்லக்கூடியவை. குழுவில் கல்வித் திணைக்களத்திலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார், அதிகம் பேசமாட்டார். அவர் எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கொழும்பில ஒரு அமைச்சில இருந்து தனிச் சிங்களத்தில கடிதம் வருது. அனுப்பினவர் உங்களுக்கு முந்தி மேலதிகாரியா இருந்தவர். என்ன செய்வீங்க?”

முதலில் வந்தவர் எல்லாரிலும் மூத்தவர். கேட்டுச் சிரித்தார். “என்னட்ட நல்ல மொழிபெயர்ப்பாளர் இருக்கினம், மேடம். ஒரு மணித்தியாலத்துக்குள்ள தமிழில போட்டு உரிய கிளைக்கு அனுப்பிடுவன்.” தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், என்னைப் பாராட்டியது போல. எனக்கு உள்ளே சுருக்கென்றது. என் சேவைக்காலம் முழுக்க நடந்தது அதுதான். கொழும்பு தன் கடமையைச் செய்யாமல் விட்டதை நாங்கள் இங்கே இரவிலும் இருந்து தமிழாக்கிக் கொடுத்தோம், கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஒருவருக்கும் குறையில்லை. குறை இல்லாதபடியால் அலுவலகக் கோவையில் ஒன்றும் ஏறவில்லை. கோவையில் ஏறாதது நடக்கவே இல்லை என்பது அரச அலுவலகத்தின் நியதி. உள்ளூர் மொழிபெயர்ப்பாளன் எவ்வளவுக்குச் சுறுசுறுப்போ, அவ்வளவுக்கு அனுப்புகிறவர் நிம்மதி.

இரண்டாமவர் தொலைபேசியில் மரியாதையாக எடுத்துச் சொல்வாராம். “எழுத்தில போட்டா மனஸ்தாபம் வரும்.” நியாயமான பயம். அடுத்த இடமாற்றப் பட்டியல் எங்கே தயாராகிறது என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியாகக் கிண்ணியாப் பக்கத்து ஆள் ஒருவர். சேவையில் இளையவர், இரண்டாம் மொழியில் மேல் சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை, பேசும் சிங்களம் நன்றாக ஓடும், எழுத்தில் கொஞ்சம் தடுமாற்றம். கடிதத்தைத் திருப்பி அனுப்பி, பிரதியை ஆணைக்குழுவுக்குப் போடுவேன் என்றார். முன்னம் அப்படிச் செய்திருக்கிறீர்களா என்று அந்த அம்மா விடாமல் கேட்டார். அவர் சொன்ன கதை கொழும்பைப் பற்றியதே அல்ல. தான் இருந்த அலுவலகத்துக்கு, குடியேற்றத் திட்டக் காணியிலிருந்து ஒரு சிங்கள அம்மா உத்தரவுப்பத்திர விஷயமாக வந்திருக்கிறா. பதில் தமிழில் மட்டும். யாரிடமாவது கொடுத்து வாசி என்று எழுதுவினைஞர் சொல்லியனுப்ப, அவ வெளியில் வாங்கில் இருந்து அழுதிருக்கிறா. இவர் அந்தக் கடிதத்தைச் சிங்களத்தில் மறுபடி எழுத வைத்து, எழுதுவினைஞரிடம் விளக்கமும் கேட்டிருக்கிறார். அந்த எழுதுவினைஞருக்கு ஊரில் செல்வாக்கு. “அதுக்குப் பொறகு கொஞ்ச நாளைக்கி ஒருத்தரும் என்னோட தேத்தண்ணி குடிக்கல்ல, மேடம்.”

அந்த அம்மா மட்டும் சிரித்தார். தலைவர் தாளைப் புரட்டினார்.

முடிவு எப்படி வந்திருக்கும் என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியும். புள்ளிகளைக் கூட்டினால் மூத்தவர்தான் மேலே. அதில் களவு இல்லை, அரசியல்வாதியின் கடிதம் இல்லை, கூட்டலும் சரி. கேட்ட கேள்விகளுக்கு ஏற்ற ஆள் கிடைத்தார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்வதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. வந்து வேலை செய்தார். பெயர்ப்பலகைகளில் இருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தினார், படிவங்களை மூன்று மொழியிலும் அச்சடிக்க வைத்தார், எங்கள் பிரிவுக்குப் புதிய கணினி எடுத்துத் தந்தார். முறைப்பாட்டுப் பதிவேடு ஒன்று தொடங்குவோமா என்று கேட்டபோது, தம்பி, அதைத் தொடங்கினால் அதற்குப் பதிலும் சொல்ல வேண்டி வரும் என்றார். உண்மையைத்தான் சொன்னார். பிறகு அவருக்குப் பதவி உயர்வோடு வேறு இடத்துக்கு மாற்றம் வந்தது. கதிரை கனகாலம் வெறுமையாகக் கிடந்து, இன்னொருவரின் பொறுப்புகளோடு ‘மேலதிகக் கடமை’யாக ஒட்டப்பட்டது.

வெளிநாட்டை உதாரணம் காட்டினால் நம்மவர்களுக்குப் பிடிக்காது, என்றாலும் இங்கே அது பொருந்துகிறது. கனடாவில் 1970 முதல் அரசகரும மொழிகள் ஆணையாளர் பதவி இருக்கிறது. பதவிக்காலம் ஏழு ஆண்டு, நியமனத்தைப் பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளும் அங்கீகரிக்க வேண்டும். 2017இல் ஒன்ராறியோவின் முன்னாள் லிபரல் அமைச்சர் ஒருவரின் பெயரை லிபரல் அரசு முன்வைத்தது. பிரெஞ்சு பேசுகிறவர்களின் உரிமைகளுக்காக உழைத்தவர், மொழித் தகைமையில் குறை காண முடியாதவர். ஆளும் கட்சிக்காரர் எப்படி ஆளும் கட்சியை விசாரிப்பார் என்று எழுந்த எதிர்ப்பில் அவரே விலகிக்கொண்டார், வேறொருவர் நியமனமானார். அயர்லாந்தின் முதல் மொழி ஆணையாளர் ஷான் ஓ குய்ரான், அரசு ஐரிஷ் மொழிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லி 2014இல் பதவியை விட்டுப் போனார். எங்கள் புள்ளித் திட்டத்தில் அவருக்கு எத்தனை விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இங்கே நிலைமை வேறு. ஆணைக்குழு உறுப்பினரை ஜனாதிபதி நியமிக்கிறார். தேர்தல், பொதுச்சேவை, மனித உரிமை ஆணைக்குழுக்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் வழியாக வருகிற பாதுகாப்பு மொழிகள் ஆணைக்குழுவுக்கு இல்லை. அதற்குக் கீழே, மாகாணம் மாவட்டம் என்று இறங்க இறங்க, காவல்காரரும் காவல் காக்கப்பட வேண்டியவரும் ஒரே சேவையில், ஒரே இடமாற்றப் பட்டியலில். இன்றைக்குக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினால் நாளைக்கு அந்தக் கடிதத்தின் சொந்தக்காரர் மேலதிகாரியாக வரலாம். கிண்ணியாக்காரரையே எடுத்திருந்தாலும் இந்த இடத்தில் அவரால் எவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்க முடியும் என்பது எனக்கு நிச்சயமில்லை. ஆளின் முதுகெலும்பை மட்டும் நம்பி ஒரு பதவியை வைத்தால், அந்த முதுகெலும்பை முறிப்பதுதான் மற்றவர்களுக்கு முதல் வேலையாகும்.

ஓய்வுபெற்ற பின் அந்த வெற்றிடத்தை மறுபடி விளம்பரப்படுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தெரிந்த அதிகாரி ஒருவர் மூலம் ஒரு பக்கத்தில் என் யோசனைகளை எழுதிக் கொடுத்தேன். பதவிக்காலம் நிலையானதாக இருக்க வேண்டும், அதற்கிடையில் காரணம் எழுதாமல் மாற்றக் கூடாது. முறைப்பாட்டுப் பதிவேடும், அதன் சாராம்சத்தை ஆண்டுதோறும் மூன்று மொழியிலும் வெளியிடுவதும் கடமைப் பட்டியலில் இருக்க வேண்டும். சான்றிதழ் புள்ளியைக் குறைத்து, விண்ணப்பதாரர் தன் சேவையில் சட்டத்துக்காக யாரோடாவது முரண்பட்டதுண்டா என்று கேட்டு அதற்குப் புள்ளி போட வேண்டும். கடைசியாகச் சொன்னதை வாசித்துவிட்டு அந்த அதிகாரி, “சேர், இதைக் கேட்டா உண்மையைச் சொல்லுறவன் ஒருத்தனும் விண்ணப்பிக்க மாட்டான்” என்றார்.

விளம்பரம் வந்தபோது பதிவேடு மட்டும் கடமைப் பட்டியலில் ஏறியிருந்தது. ஆண்டறிக்கை இல்லை. பதவிக்காலம் பற்றிய வரி, நிர்வாக சேவையின் விதிகளான பிரமாணக் குறிப்புக்கு முரண் என்று வெட்டப்பட்டதாம். கிண்ணியாக்காரர் விண்ணப்பித்தாரா என்று விசாரித்தேன். இல்லை. இப்போது வேறு மாவட்டத்தில், காணிப் பிரிவில் இருக்கிறார், மேல் சான்றிதழும் எடுத்துவிட்டாராம்.