மகளின் மொழியும் பெரியப்பாவின் சம்பள ஏற்றமும்

2001ஆம் ஆண்டை ஐரோப்பிய அவையும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து மொழிகளின் ஆண்டாகக் கொண்டாடின. அதன் தொடர்ச்சியாக ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 26 ஐரோப்பிய மொழிகள் நாளாகிறது. அந்த நாளுக்காக, நாங்கள் வாழும் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், என் மகளின் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுமொழியில் ஒரு வணக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மகள் மூன்றுசுழி ணகரத்துக்கு நான்கு சுழி போட்டிருந்தாள், யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு பிள்ளையின் தாயார் மிகுந்த அன்போடு, "உங்கள் மொழிக்கும் சாசனத்தில் இடம் உண்டா?" என்று கேட்டார். அன்றிரவே தேடிப் படித்தேன். 1992இல் ஐரோப்பிய அவை கொண்டுவந்த பிரதேச, சிறுபான்மை மொழிகளுக்கான சாசனத்தின் முதலாம் உறுப்புரையே, குடியேறியோரின் மொழிகள் இதில் அடங்கா என்று சொல்லி என்னை வழியனுப்பிவிட்டது.

ஆறுதல் ஒன்று இருந்தது, கொஞ்சம் அற்பமான ஆறுதல்தான். பிரான்ஸ் அந்தச் சாசனத்தில் 1999இல் கையொப்பமிட்டது. அதே ஆண்டில் அதன் அரசியலமைப்பு மன்றம் குறுக்கே நின்றதால் இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஆகவே சந்தையில் கிழவிகள் பேசுகிற, பழைய நகரத் தெருப்பலகைகளில் பிரெஞ்சுக்குக் கீழே எழுதியிருக்கிற அல்சேசிய மொழிக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. தேசிய சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான 1995ஆம் ஆண்டுச் சமவாயத்திலோ பிரான்ஸ் கையொப்பமே இடவில்லை, அந்தச் சமவாயத்தை உருவாக்கிய ஐரோப்பிய அவையின் தலைமையகம் எங்கள் நகரிலேயே இருந்தும். சவர்க்காரத்தூள் மலிவென்று டிராமில் ரைன் ஆற்றைக் கடந்து கேல் நகருக்குப் போகிறோமே, அந்த ஜெர்மனி இரண்டையும் ஏற்றிருக்கிறது. டேனியர், சோர்பியர், ஃபிரிசியர், சிந்தி-ரோமா மக்கள் அங்கே அங்கீகரிக்கப்பட்ட சிறுபான்மையினர். தமிழருக்கு ஆற்றின் இரு கரையிலும் இடமில்லை.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்திலிருக்கும் பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் வேறு ஒன்றில் குறியாக இருந்தார். "பிள்ளை, நீ இருக்கிற ஊரிலைதானே அந்த மனித உரிமைக் கோட்டு இருக்குது? என்ரை இன்கிரிமென்ற் விசயத்தை ஒருக்காச் சொல்லிப் பாரன்." 1960களில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்த அவருக்குச் சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவருக்கு ஜெனிவா, பிரசல்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க் எல்லாம் ஒரே கந்தோரின் வெவ்வேறு யன்னல்கள். அவரைக் குறைசொல்ல முடியாது. நீலத்தில் பன்னிரண்டு நட்சத்திரம் பதித்த கொடியை 1955இல் ஐரோப்பிய அவை ஏற்க, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒன்றியத்தார் அதையே தங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். அவையில் 46 நாடுகள், ஒன்றியத்தில் 27, ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பில் 57. இந்த ஊரிலேயே பிறந்தவர்களும் குழம்புகிறார்கள்.

ஆனால் இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எஸ்தோனியாவின் கதையில் படித்தபோது எனக்குப் பொறாமையே வந்தது. சோவியத் காலத்தில் அங்கே குடியேறிய லட்சக்கணக்கான ரஷ்யமொழியாளர்கள் வதிவிட அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டுமென்று 1993இல் பாராளுமன்றம் ஒரு வெளிநாட்டார் சட்டத்தை நிறைவேற்றியது. ரஷ்யமொழியாளர் நிறைந்த நார்வா நகரம் கொதித்தது. ஜனாதிபதி லெனார்ட் மேரி கையொப்பமிடாமல், சட்டத்தை ஐரோப்பிய அவையிடமும், அன்று மாநாடு என்ற பெயரில் இருந்த பாதுகாப்பு அமைப்பிடமும் கருத்துக் கேட்டு அனுப்பினார். அந்த அமைப்பின் சிறுபான்மையினருக்கான முதல் உயர் ஆணையரான மக்ஸ் வான் டெர் ஸ்டூல் இரு தரப்போடும் ஓசையின்றிப் பேசினார். சட்டம் அடுத்த மாதமே திருத்தப்பட்டது. சேர விரும்பும் நாடு சிறுபான்மையினரை மதிக்க வேண்டும் என்று ஒன்றியமும் அதே ஆண்டில் கோபன்ஹேகனில் நிபந்தனை வைத்ததால், அடுத்துவந்த ஆண்டுகளில் அந்த ஆணையரின் மென்மையான கடிதங்களுக்குப் பின்னால் ஒரு கனம் இருந்தது.

பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத் தங்கள் வீட்டு அடுப்படியைக் காட்டாத மாப்பிள்ளை வீட்டாரைப் போல, அந்த நிபந்தனையைப் பழைய உறுப்பு நாடுகளிடம் ஒன்றியம் கேட்பதில்லை என்பது என் மனத்தாங்கல். என்றாலும் நான் இந்த ஊருக்குப் பழகிவிட்டேன். மாநகரசபையிலிருந்து வரும் கடிதத்தை அகராதியின்றி வாசிக்கிறேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே, சிங்களத்தில் வந்த அரச கடிதத்தை அப்பா ஊரிலிருந்த சிங்களப் பேக்கரிக்காரரிடம் கொண்டுபோய் வாசித்துக் கேட்டதாகச் சொன்ன கதை வந்துவிடுகிறது.

எங்களுக்கும் வெளியே ஒரு நீதிமன்றம் இருந்ததுதான். பெரியப்பாவைப் போலவே சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, லண்டன் கோமறைக் கழகம்வரை போனார். 1969இல் அது வழக்கை மீண்டும் கொழும்புக்கு அனுப்பியது. அன்றைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவை அந்தச் சட்டம் மீறியதா என்ற கேள்விக்கு விடை வரவேயில்லை. லண்டனுக்குப் போகும் வழி அடைபட்டது. 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவும் இல்லாமற் போனது. பெரியப்பாவின் சம்பள ஏற்றம் அந்த இடைவெளியில் விழுந்து கிடக்கிறது.

ஆகவே அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். இங்குள்ள மனித உரிமைகள் நீதிமன்றம் ஐரோப்பிய அவையின் உறுப்பு நாடுகளுக்கு எதிரான முறைப்பாட்டை மட்டுமே எடுக்கும். அந்த நாடுகளின் அதிகாரத்துக்குள் அடங்கும் எவரையும், குடியுரிமை இல்லாவிட்டாலும், காக்கும். பிரித்தானியா திருப்பி அனுப்பவிருந்த ஓர் ஈழத்தமிழரை அனுப்பக் கூடாதென்று 2008இல் தீர்ப்பளித்தது. தமிழர் என்ற கூட்டமாக எங்களுக்கு இங்கே தனி இடமில்லை, ஆனால் ஒவ்வோர் ஆளாக இருக்கிறது என்றேன். உள்நாட்டு நீதிமன்றத்தின் இறுதி முடிவு வந்து நான்கு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றதும் சிரித்தார்.

"அது கிடக்கட்டும். மனுவைத் தமிழிலை எழுதலாமோ?"

உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழி எதிலும் எழுதலாம், தமிழ் அதில் ஒன்றில்லை என்றேன்.

"அப்ப இஞ்சை மாதிரித்தான்" என்றார். இரண்டும் ஒன்றல்ல என்று அரைமணி நேரம் வாதாடினேன், அவர் விட்டுக்கொடுக்கவில்லை.