அபிங்டனுக்கு ஒரு பழைய எம்ஜிபி

சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினேன். வண்டியின் பின்பக்கத்திலிருந்து 'டக் டக் டக்' என்று வேகமாக ஒரு சத்தம் வந்தது.

"பெட்ரோல் பம்ப்தான். கார்புரேட்டர் இரண்டும் நிறைந்ததும் தானாக நிற்கும். நின்ற பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள், அவசரப்படாதீர்கள்" என்றார் வண்டியை விற்ற பெரியவர்.

சத்தம் விட்டுவிட்டு வந்து அடங்கியது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் குமிழை இழுத்துக் கொஞ்சம் திருப்பினால் அப்படியே பிடித்து நிற்கிறது. அப்புறம் சாவியை முழுதாகத் திருப்பினேன். செல்ஃப் இரண்டு சுற்றுதான் சுற்றியிருக்கும், இன்ஜின் பிடித்துக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி 1972-இல் எம்ஜி கம்பெனி செய்த எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். நீலமும் பச்சையும் கலந்த நிறம், குரோம் பம்பர், மேலே மடக்கக்கூடிய துணிக் கூரை. ரெடிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நேராக வருவதென்றால் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் முதல் ஓட்டத்தில் இந்த வண்டியை அது பிறந்த அபிங்டனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். சின்னச் சாலைகளில் நாற்பது மைல் சொச்சம் வரும். மனைவி எங்கள் வழக்கமான காரில் பின்னால் வந்தாள்.

வாங்கும் முன் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். பழைய எம்ஜிபி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இன்ஜினை அப்புறம் பாருங்கள், முதலில் கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டியைப் பாருங்கள். இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. எம்ஜிபியில் உடம்புதான் சேஸிஸ். மேலே கூரையும் இல்லாததால் வண்டியை நடுவில் மடங்காமல் தாங்குவது அந்தப் பெட்டிகள்தான். அவை துருப்பிடித்துவிட்டால் வெளியே எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை. நான் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போனேன். அசல் இரும்பில் 'டப்' என்று ஒட்டும். பட்டி பார்த்து மறைத்த இடத்தில் நழுவிவிடும். இரு பக்கமும் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், எங்கும் நழுவவில்லை. பெரியவர் பக்கத்திலேயே நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏ417 சாலையில் கிழக்கே கிளம்பினோம். முதல் பத்து மைல் எனக்குப் பாடம் படிப்பதிலேயே போனது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்புவது கல்லுரல் சுற்றுவது மாதிரி. ஓட ஆரம்பித்ததும் கை லேசாகிவிடுகிறது. சாலையில் இருக்கும் சின்ன ஒட்டுகூட உள்ளங்கையில் தெரிகிறது. பிரேக்கை நம் காலத்து வண்டி மாதிரி தொட்டால் போதாது, அழுத்தி மிதிக்க வேண்டும். 95 குதிரைசக்தி என்பது இன்றைக்குச் சாதாரணக் குடும்பக் காரிலேயே இருக்கும். ஆனால் தரைக்கு இவ்வளவு பக்கத்தில், தலைக்கு மேல் வானத்தோடு, வேலி ஓரத்து வெள்ளைப் பூக்களின் வாசம் மூக்கில் ஏறும்போது, 40 மைல் வேகமே நிறைவாக இருக்கிறது.

லெச்லேடைத் தாண்டித் தேம்ஸ் நதியின் பாலத்தைக் கடந்ததும் சாலை நேரானது. இங்கேதான் ஓவர்டிரைவைப் போட்டுப் பார்த்தேன். அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர் மாதிரி அது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர். கிளட்ச் மிதிக்கவே வேண்டாம், தட்டினால் போதும். ஒரு நொடி கழித்து இன்ஜின் பெருமூச்சு விட்டதுபோல் அடங்கியது. வேகம் அதே 60 மைல். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டாக்கோமீட்டரின் முள் மட்டும் 3300 அருகிலிருந்து 2700-க்கு இறங்கிவிட்டது. இதற்காக மட்டும் நாலைந்து முறை போட்டுப் போட்டு எடுத்தேன்.

ஃபேரிங்டனில் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. விளக்கு எரிகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, பின்னாலிருந்து அந்த 'டக் டக்' மட்டும் வரவில்லை. வயிற்றைக் கலக்கியது. டிக்கியைத் திறந்தபோதுதான் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு சின்ன மரச் சுத்தியல் கண்ணில் பட்டது. இது எதற்கு என்று பெரியவரிடம் கேட்க மறந்திருந்தேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க நின்ற வண்டி. பம்புக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தொடுக்கும் பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டை அழுக்கானால் ஆகட்டும் என்று பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேன். மனைவி சாவியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டிப் பம்பின் மேல் மெதுவாக ஒரு தட்டு. ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இன்னொரு தட்டு.

"என்னங்க, வருது! சத்தம் வருது!"

கன்னத்துக்குப் பக்கத்திலேயே 'டக் டக் டக்'. இவ்வளவு நேரம் வெறும் சத்தமாக இருந்தது அப்போது நாடித்துடிப்பு மாதிரி இருந்தது. புதுப் பம்புக்கு அன்றிரவே ஆர்டர் போட்டுவிட்டேன். சுத்தியல் மட்டும் டிக்கியிலேயே இருக்கட்டும்.

அஃபிங்டன் வெள்ளைக் குதிரையை வழியில் பார்த்தோம். மலைச்சரிவில் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு நிரப்பி வரைந்த குதிரை. 110 மீட்டர் நீளம், ஏறக்குறைய 3000 வயது. இன்றைக்கும் ஆட்கள் மண்டியிட்டு, சுத்தியலால் சுண்ணாம்பை இடித்து நிரப்பித்தான் அதைப் புல் மூடாமல் காப்பாற்றுகிறார்கள். பக்கத்தில் போனால் வளைந்த வெள்ளைக் கோடுகள்தான் தெரிகின்றன, முழுக் குதிரை தெரிவதில்லை. அங்கிருந்து வான்டேஜ் வரை குன்றின் அடிவாரத்தை ஒட்டி ஏறி இறங்கி வளைந்து போகும் பி4507 சாலை, இந்த மாதிரி வண்டிக்கென்றே போட்டதுபோல் இருக்கிறது. மூன்றாவது கியரிலேயே வந்தேன். பேசவே தோன்றவில்லை.

அபிங்டனில் இப்போது தொழிற்சாலை இல்லை. 1929-இல் எம்ஜி இந்த ஊருக்கு வந்தது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் செய்தார்கள். 1980 அக்டோபரில் மூடிவிட்டார்கள். செமிட்டரி ரோட்டில் எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம் இருக்கிறது. எம்ஜியை உருவாக்கிய செசில் கிம்பர் நினைவாக அதற்குக் கிம்பர் ஹவுஸ் என்று பெயர். ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து செல்போனில் ஒரு நிமிடம் சத்தத்தைப் பதிவு செய்தேன்.

அது காரைக்குடியில் இருக்கும் என் சித்தப்பாவுக்காக. முப்பது வருடம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். அம்பாசடர் என்பது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாவது சீரிஸ்தான். அந்தக் கார் அபிங்டனுக்குப் பக்கத்தில், ஆக்ஸ்ஃபோர்டின் கௌலியில் செய்தது. சித்தப்பா வண்டியில் இருந்த 1489 சிசி இன்ஜினும் என் வண்டியின் 1798 சிசி இன்ஜினும் 'பி சீரிஸ்' என்ற ஒரே குடும்பம். என்ன வண்டி என்று சொல்லாமல் சத்தத்தை மட்டும் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பார்த்தால் பதில் வந்திருந்தது.

"டேய் தம்பி, இது நம்ம அம்பாசடர் இன்ஜின் ஆச்சே, அங்க எங்கடா கிடைச்சது? ஆனா டாப்பெட் சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கு. கடைசியா எப்ப அட்ஜஸ்ட் பண்ணினது?"

பெரியவர் கொடுத்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஆயில் மாற்றிய தேதி, கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்த தேதி எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. டாப்பெட் என்று கடைசியாக எழுதியிருந்தது 2019-இல். குளிர்ந்த இன்ஜினில் வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வைக்க வேண்டும். அதை அளக்க ஃபீலர் கேஜ் வாங்கி வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை, வண்டியை எடுப்பதற்கு முன்னால் வீடியோ காலில் வருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார்.